சிட்னியில் ஃபுட்டிக்கு ஆள் வருமா?

தம்பி, மேற்கு சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வீடு எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மெல்பர்ன் தலைமை அலுவலகத்துக்காரர்கள் திங்கட்கிழமை மீட்டிங்கைத் தொடங்குவதே ஃபுட்டி (ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்து வகை) பேச்சில்தான், ஆனால் டிவியில் பார்த்தால் நம் பக்கத்து அணியான ஜயன்ட்ஸின் மைதானத்தில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கிறது. சிட்னியில் இந்த ஆட்டத்தை யாராவது பார்க்கிறார்களா, பார்ப்பதென்றால் எந்த அணி, மனைவி பிள்ளையோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். மற்றதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

காலி இருக்கையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஃபுட்டியின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.-இல் அணிகள் 18, அதில் 10 விக்டோரியாவில், அந்தப் பத்தில் 9 மெல்பர்ன் நகரத்துக்குள்ளேயே. மெல்பர்ன் அணிகளான காலிங்வுட்டும் எஸ்ஸெண்டனும் மோதினால் இரண்டு பக்கத்து ரசிகர்களும் டிராமிலும் ரயிலிலும் ஏறி வந்துவிடுவார்கள், போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் தினத்தில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் 90 ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பது அப்படித்தான். சிட்னிக்கு பெர்த்திலிருந்து ஃபிரீமேண்டில் ஆட வந்தால் அவர்கள் ஆட்கள் கண்டம் தாண்டி விமானத்தில் வர வேண்டும், எத்தனை பேர் வருவார்கள்? ஒரே அணியின் ஆட்களைக் கொண்டு மைதானத்தை நிரப்ப வேண்டிய ஊர் இது. அதனால்தான் காலிங்வுட், ரிச்மண்ட் மாதிரி பெரிய அணி வரும் வாரத்தில் மட்டும் ஜயன்ட்ஸ் மைதானம் திடீரென்று நிறையும், அப்போதும் கத்துகிற சத்தத்தில் பாதி எதிரணிக்காக இருக்கும். வேலைக்காக மெல்பர்னிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று, இது ரக்பி லீக் ஊர். உங்கள் தெருவில் நீலமும் மஞ்சளுமாகக் கொடி பார்த்திருப்பீர்களே, அது பாரமாட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் அணி. அந்தப் பக்கம் பென்ரித் பாந்தர்ஸ், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. நாட்டின் குறுக்கே, கான்பெரா பக்கமாக ஒரு கோடு கிழித்து, தெற்கிலும் மேற்கிலும் ஃபுட்டி, வடக்கிலும் கிழக்கிலும் ரக்பி என்று 1978-இலேயே இயன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் சொன்னார், ரான் பாராஸி என்ற ஆட்டக்காரர் பெயரால் அதற்கு பாராஸி கோடு என்று பெயர். நாம் இருப்பது கோட்டுக்கு ரக்பிப் புறம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ரக்பி ரசிகன் பெரும்பாலும் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறான். மைதானத்துக்கு வரும் கூட்டத்தைக் கணக்கெடுத்தால் சிட்னியின் இன்னொரு ஃபுட்டி அணியான ஸ்வான்ஸுக்கு வருகிற அளவு இந்த ஊரின் எந்த ரக்பி லீக் அணிக்கும் சராசரியாக வருவதில்லை. டிவியில் ஒரு ஆட்டம் ராஜா, மைதானத்தில் வேறொன்று. மெல்பர்ன்காரர்களுக்கு இது புரியவே புரியாது, அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஸ்வான்ஸும் சும்மா வளரவில்லை. கடனில் மூழ்கிய சவுத் மெல்பர்ன் அணியை 1982-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே ரசிகர்கள் கொதித்தார்கள், இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1993 வாக்கில் வாரா வாரம் தோல்வி, அணி தேறுமா என்பதே சந்தேகம். பிறகு 1995-இல் கோல் அடிப்பதில் பேர்போன டோனி லாக்கெட் வந்தார். அடுத்த வருடம் அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில், எஸ்ஸெண்டனோடு புள்ளி சமமாக இருக்கும்போது இறுதி சைரன் அடித்த பிறகு அவர் உதைத்த உதையில் கிடைத்த ஒரே ஒரு புள்ளியால் ஸ்வான்ஸ் ஜெயித்தது. சிட்னி இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்கு அப்புறம்தான் என்பேன். 2005-இல் 72 வருடம் கழித்துக் கோப்பை, 2012-இல் இன்னொன்று. 2022 மார்ச்சில் ஸ்வான்ஸின் பட்டி ஃபிராங்க்ளின் ஆயிரமாவது கோல் அடித்தபோது கூட்டம் வேலி தாண்டி அவர்களுடைய மைதானமான எஸ்.சி.ஜி.க்குள் (சிட்னி கிரிக்கெட் மைதானம்) ஓடி, ஆட்டம் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. ஜெயித்தால்தான் வருவார்கள், நாடகம் பார்க்க வருகிற கூட்டம் என்று மெல்பர்னில் கிண்டல் செய்வார்கள். ஜெயித்தால் வருவார்கள் என்பது உண்மைதான், அதில் என்ன தப்பு? பிரிஸ்பேனிலும் அதே கதை. 2001, 2002, 2003 மூன்று கோப்பைக்குக் கூட்டம் முட்டியது, அணி சரிந்ததும் கூட்டமும் கரைந்தது, 2024, 2025 இரண்டு கோப்பைக்கு அந்த ஊர் மைதானமான காபா மறுபடி நிரம்பிவிட்டது. அப்பா பார்த்த அணி, தாத்தா பார்த்த அணி என்று பரம்பரை இல்லாத ஊரில் வேறு எப்படி நடக்கும்?

ஜயன்ட்ஸ் அந்தப் பரம்பரையே இல்லாத அணி. மேற்கு சிட்னிக்காகவே உருவாக்கி 2012-இல் லீக்கில் இறக்கினார்கள், பிரபலமான கெவின் ஷீடியைப் பயிற்சியாளராக வைத்தார்கள், ரக்பியிலிருந்து இஸ்ரேல் ஃபொலாவைப் பெரும் பணம் கொடுத்து இழுத்தார்கள், அவர் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். முதல் வருடம் மொத்தம் இரண்டு வெற்றி. 2019-இல் இறுதிப்போட்டி வரை போய் ரிச்மண்டிடம் 89 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கினார்கள். ஆட்டத் தரத்தில் குறை சொல்ல முடியாது, கூட்டம்தான் இன்னும் மெதுவாக வருகிறது. சில சொந்த ஆட்டங்களை கான்பெராவில் வேறு ஆடுகிறார்கள். ஆனாலும் 2016-இல் ஸ்வான்ஸும் ஜயன்ட்ஸும் ஃபைனல்ஸில் (சீசன் கடைசியில் வரும் நாக்-அவுட் சுற்றுகள்) மோதியபோது ஒலிம்பிக் பார்க் பெரிய ஸ்டேடியத்தில் 60 ஆயிரம் பேர் இருந்தார்கள், ஆக ஊரில் ஆள் இல்லாமல் இல்லை.

எனக்கு ஜயன்ட்ஸ்தான் பிடிக்கும், உங்களுக்கும் அதையே சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லெபனீஸ் குடும்பத்துக்கும் விதி பாதிதான் தெரியும், முன்வரிசை பஞ்சாபிப் பையன் ஆரஞ்சுத் தொப்பியோடு எதற்கு விசில் அடித்தார்கள் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருப்பான், நீங்கள் கேட்டாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஜயன்ட்ஸின் பெண்கள் அணியில் ஆடிய ஹனீன் ஸ்ரெய்கா இந்தப் பக்கத்து லெபனீஸ் முஸ்லிம் பெண்தான். கூட்டம், ஆர்ப்பாட்டம், பாட்டு எல்லாம் வேண்டுமென்றால் எஸ்.சி.ஜி.க்கு ஸ்வான்ஸ் பார்க்கப் போங்கள், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு போவது பற்றி. ஐரோப்பியக் கால்பந்து மாதிரி இரு தரப்பையும் வேலி போட்டுப் பிரிப்பதில்லை, கலந்துதான் உட்காருவார்கள், கேலி இருக்கும், அடிதடி அரிது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்வான்ஸின் ஆடம் கூட்ஸ், பூர்வகுடி ஆட்டக்காரர், சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் இரண்டு, 2014-இன் சிறந்த ஆஸ்திரேலியர். அவரை 2015 முழுக்க மைதானத்துக்கு மைதானம் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள், அந்த வருடத்தோடு அவர் விளையாட்டை விட்டார், ஏ.எஃப்.எல். மன்னிப்புக் கேட்க 2019 ஆனது. மனம் உடைந்து அவர் ஆடாமல் இருந்த வாரம் எஸ்.சி.ஜி. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது என்பதும் நடந்ததுதான். நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் இங்கே போய்வந்ததில் முகம் சுளிக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை, ஆனால் ராத்திரி ஆட்டத்தில் பீர் அதிகம் ஓடும், முதல் தடவை ஞாயிறு மதிய ஆட்டமாகப் பாருங்கள்.

வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறி லிட்கம்பில் மாறினால் ஜயன்ட்ஸ் மைதானம் இருக்கிற ஒலிம்பிக் பார்க். ஜயன்ட்ஸ் டிக்கெட் பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். ஜூன், ஜூலையில் குளிர் எலும்பைக் குத்தும், ஜாக்கெட் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள், சைவம் என்றால் சிப்ஸைத் தவிரப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், வயிற்றைக் கவனித்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் இருக்கிற இரண்டு உயரக் கம்பத்துக்குள் உதைத்தால் 6, உயரக் கம்பத்துக்கும் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் நடுவில் போனால் 1, இதைத் தெரிந்துகொண்டு போனால் முதல் நாளுக்குப் போதும். பையனுக்குப் பிடித்துவிட்டால் ஆஸ்கிக் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைக்கிறார்கள், நம் ஆட்கள் கிரிக்கெட் முடிந்து குளிர்காலத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற மாதங்களுக்குச் சரியாக இருக்கும்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எந்த அணி என்று கேட்டால் ஜயன்ட்ஸ் என்று சொல்லுங்கள், சிரிப்பார்கள், பேச்சு தானாக நீளும். மரியாதைக்காக யாரோ ஒருவரின் அணியைச் சொல்கிறேன் என்று காலிங்வுட் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பாதி அலுவலகம் பகையாகிவிடும்.