மாமியார் கட்டிலை எதுக்கு மாத்துனீங்க?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, அவருக்கு 41. மார்த்தாண்டம் பக்கம் வீடு, கல்யாணமாகி 11 வருஷம். தத்தெடுக்க ஆன்லைன்ல பதிஞ்சு பேப்பர் எல்லாம் ஏத்தியாச்சு. அடுத்த வாரம் ஹோம் ஸ்டடின்னு வீட்டைப் பாக்க சோஷியல் வொர்க்கர் வராங்க. ரெண்டு ரூம் வீடுதான், லோனும் உண்டு, தள்ளிருவாங்களோன்னு பயமா இருக்கு. மாமியார் கட்டிலை பின்னால சாய்ப்புல போட்டுட்டு அந்த ரூமுக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சு பிள்ளைக்குன்னு வெச்சிருக்கோம், எல்லாம் முடிஞ்சதும் பழையபடி போட்டுக்கலாம். அவங்க முந்திரிக்கொட்டை உடைக்குற அண்டியாபீஸ்ல வேலை பாத்து இவரைப் படிக்க வெச்சவங்கதான், நான் குறை சொல்லல, ஆனா வாய் சும்மா இருக்காது, ‘யாரு பெத்ததோ’ன்னு ஏதாவது சொல்லிருவாங்க. அதனால இன்னும் விஷயத்தச் சொல்லல, அந்த ரெண்டு நாளும் குளச்சல்ல நாத்தனார் வீட்டுல விடலாம்னு இருக்கோம். என்ன கேப்பாங்க, எப்படிப் பதில் சொல்லணும்? எங்க பெரியப்பா வேற, கிறிஸ்தவங்க தத்தெடுத்தா சட்டப்படி செல்லாதுன்னு சொல்லுதாரு.

பதில்: தங்கச்சி, பெரியப்பா விஷயத்த முதல்ல முடிச்சிருவோம். அவரு சொல்லுறது பழைய கதை. 1956ல வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கும், அதோட சேத்த சீக்கியர், பௌத்தர், சமணருக்கும்தான், அப்ப கிறிஸ்தவங்களுக்கு 1890ம் வருஷத்து கார்டியன் சட்டம்தான் கதி, வளக்கலாம், ஆனா சட்டப்படி அம்மா அப்பா ஆக முடியாது. நம்ம ஜில்லாவுல எத்தன பேரு அப்படி வெறும் கார்டியன்னு கையெழுத்துப் போட்டு வளத்திருப்பாங்க. இப்ப நீங்க பதிஞ்சிருக்குறது 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்துல, அதுல மதம் குறுக்க வராது, பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு. 2022 செப்டம்பர்ல இருந்து கோர்ட்டுக்குக் கூட போக வேண்டாம், கலெக்டரே ஆர்டர் போடுறாரு. உங்க ரெண்டு பேரு வயசும் கூட்டினா 79, ரெண்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக்கு 85 வரைக்கும் போகலாம். லோன் இருக்குன்னா லோன் இருக்குன்னு சொல்லு, ரெண்டு ரூம்னா ரெண்டு ரூம்.

இனி கட்டிலுக்கு வருவோம்.

என்ன கேப்பாங்கன்னு கேட்டியே. ஏன் தத்தெடுக்கணும்னு தோணிச்சு, பிள்ளை இல்லாத வருத்தத்த எப்படித் தாண்டி வந்தீங்க, பகல்ல பிள்ளைய யாரு பாப்பாங்க, வளர்ந்தப்பிறகு உண்மையச் சொல்லுவீங்களா, இதெல்லாம் கேப்பாங்க. கூடவே வீட்டுல உள்ள பெரியவங்க என்ன நினைக்காங்கன்னும் கேப்பாங்க, ரிப்போர்ட்ல அதுக்குத் தனி இடமே உண்டு. அந்த இடத்துல என்ன எழுதச் சொல்லுவே? மாமியார் குளச்சல் போயிருக்காங்கன்னா?

சரி, அன்னைக்குத் தப்பிச்சேன்னு வெச்சுக்கோ. ரிப்போர்ட் 3 வருஷம் செல்லும், சின்னப் பிள்ளைக்குன்னா வருஷக்கணக்குல காத்துக் கிடக்கணும், அத்தன நாளும் வாயத் திறக்காம இருப்பியா? பிள்ளை வந்தப்பிறகு 2 வருஷம், 6 மாசத்துக்கு ஒருதடவ பிள்ளை எப்படி இருக்குன்னு பாக்க ஆளு வரும், அது நாலு தடவ. நாலு தடவையும் அந்த அம்மா கட்டிலைத் தூக்கிட்டு சாய்ப்புக்கும் ரூமுக்கும் நடப்பீங்களோ?

எனக்கு உன் லெட்டர்ல நெஞ்சுல குத்துனது அந்த அண்டியாபீஸ்தான். போற போக்குல எழுதிட்டே. அண்டி தல்லுறவங்க கையப் பாத்திருக்கியா நீ, அந்தத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் கறுத்து தோல் உரிஞ்சு கெடக்கும், சாம்பலத் தொட்டுத் தொட்டு தல்லணும், சோறு பிசையும்போது எரியும். அந்தக் கையால சம்பாதிச்சு ஒரு மகனை ஆளாக்குனவங்க படுத்த இடத்துல இருந்து கட்டிலை எடுக்கும்போது என்ன சொல்லி எடுத்தீங்க? பெயிண்ட் அடிக்கணும்னு மட்டும்தானே. நாகர்கோவில்ல தத்து விஷயம் பாக்குற ஆபீஸுக்குத் தெரியும், குளச்சல் நாத்தனாருக்கும் தெரிஞ்சிருக்கும், பேரனோ பேத்தியோ வரப்போகுதுன்னு வீட்டுல உள்ள அவங்களுக்குத் தெரியாது. நான் இத சும்மா விடமாட்டேன்.

தக்கலை பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. அங்கயும் இப்படித்தான், பாட்டிகிட்ட பிள்ளைய வாசல்ல கொண்டு வந்த அன்னைக்குதான் சொன்னாங்க. அவங்க சண்டையும் போடல, அழவும் இல்ல. 6 வருஷம் கழிச்சு ஒரு கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து டப்பாவத் திறந்து பேரப்பிள்ளைகளுக்குக் குடுக்காங்க, எல்லாருக்கும் ரெண்டு, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு. அது அந்த ஒண்ணையும் திங்காம கையிலயே வெச்சுட்டு அடுக்களைக்கு வந்து, ‘அம்மா, பாட்டிக்கு எண்ணத் தெரியாதா?’ன்னு கேட்டிருக்கு. அந்த அம்மா என்கிட்ட சொல்லி முடிக்குறதுக்குள்ள மூணு தடவ கண்ணத் தொடச்சா. நான் பாட்டியத் திட்ட மாட்டேன். கேக்க வேண்டிய நேரத்துல அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல, அது உள்ளேயே கெடந்து இப்படி வெளிய வந்திருக்கு.

இன்னொண்ணு, லெட்டர் பூரா நீதான் பேசுதே, பயமும் உனக்குத்தான், அவரு எங்க? பெத்த அம்மாகிட்ட பேசுற வேலைய மருமக தலையில வெக்கிறது எனக்குப் பிடிக்கல. அப்பா ஆகப்போறவரு முதல்ல மகனா போய் நிக்கட்டும். நீ சொன்னா ‘மருமக எவன் பிள்ளையவோ கொண்டு வாரா’ன்னுதான் ஊர்ல பேச்சாகும், அவரு சொன்னா அது அந்த வீட்டு முடிவு. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து மரச்சீனிக்கிழங்கும் மீனும் தின்னுட்டு இருக்கும்போது, பக்கத்துல உக்காந்து, ‘அம்மா, நாங்க ஒரு பிள்ளைய எடுத்து வளக்கப் போறோம், உங்களுக்கு இதுல என்ன தோணுது’ன்னு கேக்கட்டும். கேட்டுட்டு வாயப் பொத்திட்டு இருக்கணும். அவங்க கத்தலாம், ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடக்கலாம், கெடக்கட்டும், 11 வருஷம் உன் கூடவே அவங்களும் காத்திருந்தவங்கதான, அவங்களுக்கும் துக்கம் உண்டு.

அடுத்த வாரத்துக்குள்ள அவங்க மனசு வரலன்னா சோஷியல் வொர்க்கர்கிட்ட உள்ளதச் சொல்லு, ‘மாமியாருக்கு இன்னும் சம்மதம் இல்ல, பேசிட்டு இருக்கோம்’னு. ரிப்போர்ட் முடிக்க அவங்களுக்கு 60 நாள் டைம் உண்டு, இன்னொரு நாள் வரச் சொல்லிக் கேளு. மாமியாருக்கு எதையும் சொல்லிக் குடுத்து ஒப்பிக்க வெக்காதே. பிள்ளைக்குத் தேய்க்க தேங்காப்பால்ல உருக்கெண்ணெய் காய்ச்ச உனக்குத் தெரியுமா? அவங்களுக்குத் தெரியும், பகல்ல பிள்ளைய யாரு பாப்பாங்கன்னு கேட்டா நீ கைகாட்ட வேண்டிய ஆளும் அவங்கதான்.

இன்னைக்கு ராத்திரியே கட்டிலை உள்ள தூக்கிப் போடுங்க. மஞ்ச பெயிண்ட் அப்படியே இருக்கட்டும், தொட்டிலும் அதே ரூம்ல கெடக்கும். ‘யாரு பெத்ததோ’ன்னு அவங்க கேப்பாங்கன்னுதானே பயப்படுதே, கேக்கட்டும். அதுக்கு உன் வீட்டுக்காரரு என்ன பதில் சொன்னாருன்னு அடுத்த லெட்டர்ல எனக்கு எழுது.