இளைத்த கழுதைக்குக் கோழித் தீவனம் போடலாமா?

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் பக்கம் செங்கல் சூளையில் பொதி சுமக்கும் மூன்று கழுதைகள் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு மூன்றும் இளைத்துக்கொண்டே வருகின்றன. அதிலும் வயதான பெட்டை எலும்பும் தோலுமாகிவிட்டது. தீவன வியாபாரி ஒருவர் கோழித் தீவனத்தைப் பாதி விலைக்குத் தருவதாகவும், சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பியோடு கலந்து போட்டால் ஒரே மாதத்தில் தேறிவிடும் என்றும் சொல்கிறார். போடலாமா? கழுதைகளை விற்றுவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில வெள்ளாடுகளும் உண்டு. சேர்வராயன் மலை அடிவாரத்தில் மேய்க்கிறேன். அங்கே உன்னிச்செடி நிறைய. அதனால் ஆபத்து வருமா?

பதில்: போடாதீர்கள். ஒரு கைப்பிடிகூட வேண்டாம். மூட்டை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், முதலில் அதைக் கழுதைகளின் வாய் எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

காரணம் இதுதான். கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தீவனத்திலேயே கலந்துவிடுகிறார்கள். கோழி அதைத் தாங்கும், மாடும் ஓரளவு தாங்கும். குதிரை இனம் தாங்காது. ஒரு கோழியைக் கொல்ல அதன் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் மோனென்சின் வேண்டும். குதிரைக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் போதும். கழுதைக்கும் குதிரையின் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்து கலந்த தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். உங்கள் கழுதை 120 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோ தீவனத்தில் அதன் கதை முடிந்துவிடும். சாலினோமைசின் இதைவிடப் பொல்லாதது.

சாகாமல் தப்பித்துவிட்டால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இந்த மருந்து இதயத் தசையை அரித்து வடுவாக்கிவிடும். வெளியே தேறியதுபோலத் தெரிகிற கழுதை, மாதங்கள் கழித்துப் பொதியோடு மேடு ஏறும்போது அப்படியே சாயும். ஊர் அதை வெயில் என்று சொல்லும், கண்ணேறு என்றும் சொல்லும். கோழித் தீவனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வியாபாரியும் அடுத்த வீட்டுக்கு மூட்டை கொண்டுபோய்க்கொண்டிருப்பார்.

இப்போது அந்த வியாபாரி உங்களிடம் சொல்லப்போவதையும் நானே சொல்லிவிடுகிறேன்: "இது முட்டைக்கோழித் தீவனம், இதில் அந்த மருந்தெல்லாம் கிடையாது. பக்கத்து ஊரில் இரண்டு வருடமாகப் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தான பேச்சு. முட்டையிடும் பருவத்துக் கோழிக்கான தீவனத்தில் இந்த மருந்துகளைப் பொதுவாகக் கலப்பதில்லை. முட்டையில் மருந்து தங்கும் என்பது காரணம். ஆனால் அதே கோழிக்குக் குஞ்சுப் பருவத்தில் போடும் தீவனத்தில் இருக்கலாம். அதே ஆலையில், அதே கலவை இயந்திரத்தில், காலையில் கறிக்கோழித் தீவனமும் மதியம் முட்டைக்கோழித் தீவனமும் ஓடலாம். முதலில் ஓடியதன் மிச்சம் அடுத்ததில் சேரும். அதிலும் உங்களுக்குப் பாதி விலைக்கு வருவது ஆலையிலிருந்து நேராக வந்த சரக்கு அல்ல. பண்ணைகளில் மிஞ்சியது, நனைந்தது, நாள் கடந்தது, கிடங்கில் கூட்டி அள்ளியது எல்லாம் ஒரே சாக்கில் சேர்ந்து வருகிறது. சாக்கின் மேல் அச்சடித்திருப்பது சாக்கைப் பற்றிய செய்தி, உள்ளே இருப்பதைப் பற்றியது அல்ல. நாமக்கல்லை ஒட்டியே நாம் இருப்பதால் இந்தச் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. மருந்து துளியும் இல்லாத அசல் முட்டைக்கோழித் தீவனமே கிடைத்தாலும், அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். இளைத்த கழுதைக்கு அதனால் என்ன பயன்? இரண்டு வருடம் ஒன்றும் ஆகாதவருக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம்.

'குதிரை, கழுதைக்கு ஆகாது' என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்த ஒரு கோழித் தீவன மூட்டையை நம் பக்கத்துச் சந்தைகளில் நான் பார்த்ததில்லை. ஒரு வரிக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால்: தீவனத்தை வெறுப்பது, வியர்ப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது ஆகியவை அடையாளங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்று சில மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவர் குழாய் வழியே கரித்தூள் மருந்து கொடுத்து ஓரளவு காப்பாற்றலாம். அடையாளம் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகப் பாட்டிலில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். கழுதையை நடக்க வைக்கவும் வேண்டாம்.

அடுத்து திப்பி. மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. மாவுச்சத்து உண்டு, புரதம் பெயருக்குத்தான். நன்றாகக் காய்ந்ததை ஒன்றிரண்டு கைப்பிடி சோளத்தட்டையோடு சேர்த்தால் குற்றமில்லை. ஆலையிலிருந்து ஈரமாக வந்து புளித்து நாறுவதைக் கூடை கூடையாகக் கொட்டினால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும்தான் மிச்சம். மாடு அசை போட்டுச் சமாளிக்கும். கழுதைக்கு அசை போடும் வயிறு இல்லை, வாந்தி எடுக்கவும் முடியாது. ஆடுகளுக்கு மரவள்ளித் தழையையும் பச்சைத் தோலையும் போடாதீர்கள். அதிலுள்ள சயனைடு அசை போடும் விலங்கை நிமிடங்களில் சாய்த்துவிடும்.

சரி, கழுதைகள் ஏன் இளைக்கின்றன? பொங்கலுக்குப் பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சூளை வேலை முழுவீச்சில் நடக்கும் காலமும் அதுதான். தீவனத்தின் தரத்தைவிட, தின்ன நேரம் இல்லாததுதான் முதல் காரணமாக இருக்கும். கழுதை நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்தது. விடியுமுன் பொதி ஏற்றி, மாலையில் ஒரு கட்டுத் தட்டை போட்டு, இருட்டியதும் வெறும் தரையில் கட்டிப்போட்டால் எந்தக் கழுதையும் தேறாது. இரவு முழுவதும் அதன் முன்னால் சோளத்தட்டோ கம்பந்தட்டோ இருக்க வேண்டும்.

பொதியையும் எண்ணிப் பாருங்கள். சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் கழுதைக்கு 50 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு கல் மூன்று கிலோ என்றால் பதினாறு கல். உங்கள் சூளையில் எத்தனை ஏற்றுகிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம், நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் நாளில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. இதுவும் அதே விதிகள்தான். சேலத்துச் சித்திரை வெயிலில் இந்த விதியை எந்தச் சூளையிலாவது யாராவது வந்து சோதித்திருக்கிறார்களா?

வயதான பெட்டையின் விஷயம் வேறு. அதற்குப் பல்லைப் பார்க்க வேண்டும். தரகர்கள் உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். சிக்கல் கடைவாயில் இருக்கிறது. அது தின்னும் இடத்தில் பாதி மென்று துப்பிய தட்டை உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். விட்டையைக் கையில் எடுத்து உடையுங்கள். ஒரு விரற்கணுவைவிட நீளமான நார்கள் இருந்தால் மெல்லவே முடியவில்லை என்று பொருள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்திபோலக் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும். மருத்துவர் அரத்தால் தேய்த்துவிட்டால் சரியாகும். எத்தனை டானிக் ஊற்றினாலும் இது தீராது. அதுவரை தட்டையைப் பொடியாக நறுக்கி நனைத்துக் கொடுங்கள். ஊறவைத்த தவிடு சேர்க்கலாம். முதுகைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள், கையால் தடவுங்கள். ரோமமும் கழுத்துக் கொழுப்பும் ஏமாற்றும்.

மற்ற இரண்டுக்கும் தட்டையோடு கொஞ்சம் கடலைக்கொடி, காலையும் மாலையும் கால் கிலோ வேகவைத்த கொள்ளு, நக்குவதற்கு ஒரு கட்டி உப்பு, வேலைக்கு முன்னும் பின்னும் சுத்தமான தண்ணீர். பூஞ்சை பிடித்த எதுவும் கூடாது. புதிய தீவனத்தைப் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். புழு மருந்து அவசியம். ஆனால் ஆட்டுக்கு வாங்கியதை மீத்து ஊற்றாதீர்கள். சேணப் புண் இருந்தால் இசிவு நோய் (டெட்டனஸ்) தடுப்பூசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரை எங்கே தேடுவது? 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கழுதை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் தேய்க்கும் அரம் எல்லா ஊர்தியிலும் இருக்காது. இல்லை என்றால் நாமக்கல் அல்லது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிதான். கால்நடை மருத்துவ முகாம் நோட்டீஸைப் பாருங்கள்: கறவை மாடு, ஆடு, கோழி. கழுதைக்கு ஒரு வரி இருக்காது. ஓட்டு வாங்கும் பெட்டியைச் சாலையில்லாத மலைக் கிராமத்துக்கு ஏற்றிச் செல்ல மட்டும் கழுதையின் நினைவு வரும்.

அரசு கழுதையைச் சுத்தமாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024-இல் குதிரை, கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்து, தொழில் தொடங்குபவருக்கு 50 விழுக்காடு முதலீட்டு மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். மூன்று கழுதை வைத்து மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. ஆனால் தரகருக்குக் கிடைத்துவிட்டது. "கழுதைப் பண்ணை மானியம் வாங்கித் தருகிறேன், பாலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வருவார். கட்டாதீர்கள். மானிய விண்ணப்பத்துக்கு முன்பணம் கேட்பவர் அரசு ஆள் அல்ல.

விற்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இளைத்த கழுதைக்கு நல்ல விலை சொல்லும் தரகர் அதை வேலைக்கு வாங்கவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019-இல் 1.2 லட்சமாகின. இயந்திரம் வந்ததும் காரணம், இறைச்சிக்கும் தோலுக்கும் கைமாறுவதும் காரணம். உணவுப் பாதுகாப்பு விதிகளில் கழுதை இறைச்சிக்கு இடமே இல்லை. இருந்தும் வண்டி இரவில் போகிறது. விற்றே ஆக வேண்டுமென்றால் வேலை வைத்திருக்கும், உங்களுக்குத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

உன்னிச்செடி: ஆபத்துதான். பழகிய ஆடு தானாக ஒதுக்கிவிடும். புதிதாக வாங்கி வந்த ஆடும், கோடையில் வேறு பச்சையில்லாமல் பசியோடு போகும் ஆடும் கடிக்கும். கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாகும், புழுக்கை இறுகும், வெயில் பட்ட காதும் மூக்கும் வெந்து தோல் உரியும். அப்படிப்பட்ட ஆட்டை நிழலில் கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். விஷம் வயிற்றில் தங்கி நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தானாகச் சரியாகும் என்று விட முடியாது. அடிவாரத்துக்கு ஓட்டும் முன் வீட்டிலேயே கொஞ்சம் தட்டை தின்ன வைத்து அனுப்புங்கள்.