குழந்தைகளின் இடுப்பு மூட்டுக் குறைபாடு: சிகிச்சையில் எதை மேம்படுத்தலாம்?

பிறந்தவுடன் "இடுப்பு சரியாக இருக்கிறது" என்று சொன்ன பிறகும் குறைபாடு ஏன் பின்னால் தெரியவருகிறது, சிகிச்சையில் எதை மேம்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டுக்குழி ஆழமின்றி இருந்தாலும் தொடை எலும்பின் பந்து நழுவாதவரை, கால்களை மடக்கி விரித்துப் பார்க்கும் ஆர்ட்டோலானி, பார்லோ சோதனைகளில் எதுவும் தட்டுப்படாது. ஆகவே இக்குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடுதலாக உள்ள, கருப்பையில் பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்குச் சோதனை இயல்பாக இருந்தாலும் 6 வார அளவில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது நல்லது.

அதைவிடக் கூடுதல் கவனம் தேவைப்படுவது, என் கணிப்பில், பந்து குழிக்குள் அமரும்படி கால்களை மடக்கி விரித்த நிலையில் பிடித்துவைக்கும் பாவ்லிக் பட்டையை அணிவித்த பிறகான வாரங்களுக்குத்தான். முன்பட்டை இறுகித் தொடை மிகையாக மடங்கினால் நரம்பு அழுந்தி, குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதையே நிறுத்திவிடும்; கால்கள் வலிந்து விரிக்கப்பட்டால் பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றும். குழந்தை வளர வளரப் பட்டையின் நீளத்தை மருத்துவர் திருத்த வேண்டும். 3, 4 வாரங்களில் பந்து குழிக்குள் அமரவில்லை என்றால், பட்டையை நீட்டிக்காமல் மாற்றுச் சிகிச்சைக்குச் செல்வதே முறை.