புரதம் கெடவில்லை, ஆர்.என்.ஏ. தான் சிக்கல்

இறுகிய தசை தளரத் தாமதிக்கும் மரபுநோயான மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகையில், மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர், புரதத்தைக் குறிக்கும் பகுதிக்கு வெளியே இருந்தும் நோய் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

இந்நோய்க்குரிய டி.எம்.பி.கே. மரபணுவின் கடைசிப் பகுதியில் இத்தொடர் இயல்பாக 37 முறைக்குள் இருக்கும். நோயாளிகள் சிலரிடம் ஆயிரத்தையும் தாண்டும். அதிலிருந்து படியெடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவிலேயே தேங்கி, எம்.பி.என்.எல். புரதங்களைப் பசைபோல் பிடித்துவைத்துக்கொள்கிறது. மற்ற மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வைச் சரியாக வெட்டி இணைக்க அந்தப் புரதங்கள் வேண்டும். அவை சிறைப்பட்டதால் தசை தளர உதவும் குளோரைடு வாய்க்கால்கள் குறைகின்றன. இறுக்கிய கை உடனே விரிய மறுப்பது இதனால்தான். இன்சுலின் ஏற்பியும் இப்படியே பாதிக்கப்படுகிறது.

ஐயம் தீரவில்லையென்றால் 2000-இல் வெளியான எலி ஆய்வைத் தேடிப் படியுங்கள்: சம்பந்தமே இல்லாத, ஆக்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் இத்தொடரைச் செருகியபோதும் அதே தசை இறுக்கம் தோன்றியது.