காற்று செத்த நாள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தூத்துக்குடியின் பாய்மரச் சரக்குத் தோணிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் நீச்சலடித்து வளர்ந்தவனே தவிர, கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. தோணி கொழும்புக்குப் போனதையும் சரக்கையும் சொன்னீர்கள். அதற்குள் இருந்த ஆட்கள் நாள் முழுக்க என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லையே? எஞ்சினும் ரேடியோவும் இல்லாத காலத்தில் புயலோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாக இருந்திருக்குமோ? வானிலையை எப்படிக் கணித்தார்கள்? பாய் விரித்த தோணியை இன்றும் பார்க்க முடியுமா?

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எஸ்.,

இந்தப் புயல் உங்களுக்கு சினிமாவிலிருந்து வந்திருக்கிறது. தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். தூத்துக்குடியில் வயதான தண்டல் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வசவு முதலில் விழுவது புயலுக்கு இல்லை, காற்று செத்துப்போன நாளுக்குத்தான்.

கொழும்பு சுமார் 150 கடல் மைல். மணிக்கு 5 மைல் ஓட்டம் கிடைத்தால் 30 மணி நேரம். காலையில் கிளம்பினால் மறுநாள் மத்தியானம் போய்விடலாம். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிட்டால் அதே தூரத்துக்கு எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. நின்ற இடத்தில் நிற்கவும் வழியில்லை, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். மன்னார் வளைகுடாவின் நடுப்பகுதியில் நங்கூரம் தரையைத் தொடாது. பாய் தொங்கிக்கொண்டிருக்க, தோணி இருந்த இடத்திலேயே புரண்டு புரண்டு ஆடும். வயிற்றைக் குமட்டுவது அந்த ஆட்டம்தான். குடிதண்ணீரை அளந்து ஊற்ற ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். மரக்கலத்தில் சும்மா இருக்க விடமாட்டார்கள். காலையும் மாலையும் கடல் தண்ணீரை மொண்டு தளத்தில் ஊற்ற வேண்டும். கழுவுவதற்கு மட்டும் இல்லை. வெயிலில் பலகை சுருங்கினால் சந்து விட்டுவிடும், நனைத்துக்கொண்டே இருந்தால்தான் இறுகி நிற்கும். மரத்துக்கு உப்புத் தண்ணீர் பகையில்லை, மழைத் தண்ணீர்தான் பகை. தேங்கினால் பலகை உளுத்துவிடும். சந்துகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, எண்ணெயும் குங்கிலியமும் பூசி அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். என்ன அடைத்தாலும் கொஞ்சம் கசியும். அடியில் சேருகிற தண்ணீரை முறை வைத்து இறைப்பார்கள். வழக்கமாக எவ்வளவு வரும் என்று இறைக்கிறவன் கைக்குத் தெரியும். அதற்குமேல் வந்தால் எங்கோ கலப்பத்து விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கயிறு இன்னொரு தொல்லை. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் முறுக்கேறி இறுகும், காய்ந்தால் தளரும். மழை பிடித்ததும் எழுந்து கட்டுகளைத் தளர்த்த வேண்டும், வெயில் வந்ததும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். ஏற்றியிருப்பது வெங்காயம் என்றால் கிடங்கு மூடியைத் திறந்து காற்றுக் காட்ட வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும். இதற்கு நடுவில் பண்டாரி, அதாவது சமையல்காரர், மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு மூட்டிச் சோறும் மீன்குழம்பும் ஆக்கிவிடுவார். தூண்டிலில் ஒன்றும் மாட்டாத நாளில் கருவாடு. அலை கூடினால் உலை நிற்காது, பழையதுதான். (கக்கூஸ் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.)

வானிலைக்கு உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற காற்று, மழையை மலையிலேயே இறக்கிவிட்டு செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வெறுங்கையோடு கிழக்கே பாய்கிறது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதுதான். கடலில் அதைக் கச்சான் என்பார்கள். தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் தூத்துக்குடிக் கரையோரத்தில் அலை எழும்பாது. கரையில் நிற்பவனுக்கு கடல் சாதுவாகத் தெரியும். வெளியே போகப் போகத்தான் அலை வளரும். அனுபவமில்லாதவன் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறாக வாடை. புயல் வருவதும் அந்தப் பருவத்தில்தான். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், கிளம்பாமல் இருப்பது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடலுக்குள் கூண்டு ஏது? காற்றே இல்லாதபோது நீளமான அலை ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், தொலைவில் எங்கோ பெருங்காற்று அடிக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். இடிந்தகரை, உவரிப் பக்கம் இன்றைக்குக் கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுகிறார்களே, அதுவும் தென்கோடிப் பெருங்கடலில் பிறந்து வருகிற அலைதான். ஆனாலும் எல்லாவற்றையும் கணித்துவிட்டார்கள் என்று பெருமையடிக்க மாட்டேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் கடலை ஒட்டித்தான் கடந்துபோனது.

திசைக்குக் காம்பஸ் உண்டு. வானத்தையும் பார்ப்பார்கள். ஆனால் துருவ நட்சத்திரம் தூத்துக்குடியில் அடிவானத்துக்கு மேல் ஒன்பது பாகைதான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மறைந்துவிடுகிற உயரம். கொழும்பில் இன்னும் தாழ்வு. லேசான மூட்டம் இருந்தாலே காணாமல் போய்விடும். அதனால் மற்ற வெள்ளிகள் எங்கே உதிக்கும், எங்கே விழும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில்: பாயை மட்டும் நம்பி ஓடுகிற சரக்குத் தோணி இப்போது கிடையாது, எஞ்சின் வந்துவிட்டது. மரத்தோணியைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போங்கள். உள்ளே நுழைய அனுமதி வேண்டும், தெரிந்தவர் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் போவது நல்லது. மாலத்தீவு, லட்சத்தீவு ஓட்டம் நின்று தோணிகள் கரையில் கிடக்கும், ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். கலப்பத்து அடிப்பதையும் பார்த்துவிடலாம்.