மூவரும் சேர்ந்து குகை மூழ்கல் பயிற்சி: சிறிய சிலிண்டர் போதுமா?

கேள்வி: நான், என் கணவர், என் தம்பி மூவருமே அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்ற டைவர்கள். மெக்ஸிகோவில் துலும் அருகேயுள்ள செனோட்டேகளில் (நீர் நிரம்பிய சுண்ணாம்புக்கல் குழிகளில்) வழிகாட்டியுடன், வெளிச்சம் விழும் பகுதி வரை போயிருக்கிறோம். முறையான குகை மூழ்கல் பயிற்சியை மூவரும் ஒன்றாக எடுக்கலாமா? எனக்குக் காற்று மெதுவாகவே செலவாகும். அதனால் எனக்குச் சிறிய சிலிண்டர்கள் போதும் என்கிறான் தம்பி. சரிதானா?

பதில்: ஒன்றாகவே எடுங்கள். சேர்ந்து மூழ்கப்போகிறவர்கள் சேர்ந்து பழகுவதே நல்லது. ஆனால் சிலிண்டர் விஷயத்தில் தம்பியின் யோசனை ஆபத்தானது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குகைக்குள் நேராக மேலே வர வழியில்லை; போன வழியேதான் திரும்ப வேண்டும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு விதி: ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மீதி ஆபத்துக்கு. யாராவது ஒருவர் உள்ளே போவதற்கான தம் பங்கை முடித்துவிட்டால் எல்லோரும் திரும்ப வேண்டும்.

கணவரிடம் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, உங்களிடம் 8 லிட்டர் இரண்டு. எல்லாமே 200 பார் அழுத்தத்தில் நிரப்பியவை என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் 4,800 லிட்டர் காற்று, உங்களிடம் 3,200. அவர் தம் பங்கான 1,600 லிட்டரை முடிக்கும்போது, மெதுவாகச் சுவாசிக்கும் நீங்கள் 960 லிட்டர்தான் செலவழித்திருக்கிறீர்கள் என்போம். இருவருமே விதியை மீறவில்லை. அந்தக் கடைசிப் புள்ளியில் அவருடைய காற்று முழுவதும் போய்விட்டால்? இருவரும் வெளியேற, உள்ளே வரச் செலவான அதே அளவு, 1,600 + 960 = 2,560 லிட்டர் வேண்டும். உங்களிடம் மிச்சம் 2,240. அதுவும் பதற்றமில்லாமல் சுவாசித்தால்! பயந்தவர் சுவாசிக்கும் வேகம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆகவே எல்லோரும் ஒரே அளவு சிலிண்டர் எடுங்கள். முடியாவிட்டால் பாரில் கணக்கிடாமல் லிட்டரில் கணக்கிட்டு, மிகக் குறைந்த காற்று வைத்திருப்பவரின் மூன்றில் ஒரு பங்கையே எல்லோருக்கும் எல்லையாக வையுங்கள். மேற்சொன்ன கணக்கில் அது சுமார் 1,067 லிட்டர். அதாவது கணவர் தம் இரண்டு சிலிண்டர்களிலும் 44 பார் செலவானதுமே திரும்ப வேண்டும். அவருக்கு எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். புளோரிடாவின் பல ஊற்றுக் குகைகளில் நீரோட்டம் வெளியே தள்ளி உதவும்; துலும் இருக்கும் யுகடான் தீபகற்பத்தின் குகைகளில் அந்த உதவியை நம்ப முடியாது. அங்கே உள்ளே போக மூன்றில் ஒரு பங்கைச் செலவழிப்பதே அதிகம்தான்.

குழுப் பயிற்சியின் இன்னொரு பாதி கயிறு. வெளிச்சத்திலிருந்து உள்ளே வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இருக்க வேண்டும். ரீலை (கயிறு சுற்றிய உருளையை) பிடித்து முதலில் நுழைபவரே கடைசியில் வெளியேறுவார். கயிறு பிரியும் இடத்தில் ஆளுக்கொரு அடையாள வில்லை மாட்டி, திரும்பும்போது அவரவர் வில்லையை அவரவரே எடுக்க வேண்டும். உதவுவதாக நினைத்து தம்பியின் வில்லையை நீங்கள் எடுத்துவிட்டால், அவன் வெளியேறிவிட்டான் என்று பின்னால் வருபவர் நினைத்துவிடுவார். கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தொட்டபடி, ஒரே ஆளின் காற்றை இருவர் பகிர்ந்து வெளியேறும் பயிற்சியைத் தரையிலேயே பலமுறை செய்ய வைப்பார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் சலிக்காமல் செய்யுங்கள்.

கேவர்ன் (வெளிச்சம் விழும் பகுதி மட்டும்), இன்ட்ரோ (குகைக்குள் முதல் படி), ஃபுல் கேவ் (முழுக் குகைப் பயிற்சி) என்று படிகள் உண்டு. மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துத் தருகிறோம் என்ற விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டாம். கேவர்ன், இன்ட்ரோவோடு ஊர் திரும்பி, அந்த எல்லைக்குள்ளேயே சில காலம் மூழ்கிவிட்டு மேலே போகலாம். அதற்கும் முன்பாக, திறந்த நீரில் அசையாமல் மிதக்கவும், அடியிலுள்ள வண்டலைக் கிளப்பாமல் தவளைபோல் உதைத்து நீந்தவும் மூவருக்கும் வர வேண்டும். அது கைவராதவருக்குப் பயிற்சி நாட்கள் அதிலேயே கரைந்துவிடும்.

முன்பணம் கட்டுமுன் பயிற்றுநரிடம் கேளுங்கள்: ஒருவர் தேறாவிட்டால் மற்ற இருவரின் பயிற்சி தொடருமா, கட்டணம் என்ன ஆகும்? உங்களுக்குள்ளும் ஒன்றை முடிவு செய்யுங்கள்: யார் எந்த நேரத்தில் கட்டைவிரலை மேலே காட்டினாலும், அப்போதே காரணம் கேட்காமல் மூவரும் திரும்ப வேண்டும். வெளியே வந்த பிறகும் ‘ஏன் திரும்பினாய்’ என்று குற்றம் சாட்டும் தொனியில் யாரும் கேட்கக் கூடாது. கணவன் மனைவி, அக்கா தம்பி என்று போகும் குழுவில் இந்த இரண்டாவதுதான் கடினம்.