லாரிக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை? – கேள்வி பதில்

நான் நாமக்கல் பக்கத்து ஆள். கோழிப்பண்ணையில முட்டை அடுக்கிட்டு இருந்து, கிளீனரா ஏறி, டிரைவரானவன். டாரஸ்னு சொல்ற பெரிய பத்து வீல் லாரி, முன்னால இஞ்சின் தலையும் பின்னால தனி வண்டியுமா இருக்கற டிரெய்லர், ரெண்டும் ஓட்டிட்டேன். இப்ப புதுசா வர்ற பசங்களுக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக்குடுக்கற வேலையும் சேர்ந்துக்கிச்சு. வேற தொழில்ல இருந்து இந்தத் தொழிலுக்கு வர நினைக்கறவங்க கேட்டதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, கிளீனரா இருந்தவன்தான் டிரைவராவான்னு எங்கப்பா சொல்வார். இப்பவும் அப்படித்தானா?

பதில்: அந்தக் காலம் போச்சு தம்பி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாமே வானம் பார்த்த பூமி. வெள்ளாமை கைகொடுக்காதப்ப, சொந்தக்காரங்க நாலு பேர் பங்கு போட்டு ஒரு லாரி வாங்கின ஊருங்க. அந்த வீட்டுப் பையன் கிளீனரா ஏறுவான், டயர் மாத்துவான், தார்ப்பாய் கட்டுவான், டிரைவர்கிட்ட திட்டு வாங்குவான், அப்புறம்தான் ஸ்டீயரிங் கைக்கு வரும். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்னு அப்ப விதியும் இருந்துச்சு. பின்னாடி அதை எடுத்துட்டாங்க. டீசலும் டோலும் ஏற ஏற, ஓனர் முதல்ல குறைச்சது கிளீனர் படியைத்தான். இப்ப பாதி வண்டி ஒத்தை ஆளாத்தான் ஓடுது.

அதனால ஆளுங்க வேற பக்கத்துல இருந்து வர்றாங்க. தறி, டவுன் பஸ், ஸ்கூல் வேன், வெல்டிங் பட்டறை, ஹோட்டல், மிலிட்டரி, சவுதி ரிட்டர்ன், பி.ஈ. முடிச்சவன்னு எல்லாரும் இருக்காங்க. கொரோனா லாக்டவுன்ல வேனும் பஸ்ஸும் நின்னப்ப ஒரு பெரிய கூட்டம் வந்துச்சு. இவங்களுக்கு ஓட்டத் தெரியும். கிளீனர் சீட்ல கத்துக்கற மத்த வேலை தெரியாது. கஷ்டப்படறது எல்லாம் அதுலதான்.

கேள்வி (குமாரபாளையம், விசைத்தறி): பன்னெண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துப் பழகிட்டேங்க. ராத்திரி முழிக்கறது எனக்கு ஒண்ணுமே இல்ல. லாரிக்கு செட் ஆவேனா?

பதில்: ராத்திரி முழிக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தறியில கண்ணு சொக்குனா நூல் அறுந்து தறி நிக்கும். ரோட்டுல அப்படி யாரும் நிறுத்த மாட்டாங்க. அதுவும் தறியில நின்னுக்கிட்டே நடந்துக்கிட்டே இருப்பீங்க. இங்க உக்காந்தே இருக்கணும். விடிகாலை மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் எந்த ஷிப்ட் பழகின ஆளையும் தூக்கம் அமுக்கும்.

தறிக்காரங்ககிட்ட நான் முதல்ல பாக்கறது காதை. வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துல நின்னவங்களுக்கு மெல்லிசான சத்தம் பிடிபடாது. காத்து அழுத்தத்துல பிரேக் பிடிக்கற ஏர் பிரேக் வண்டியில எங்கயாவது காத்துக் கசிஞ்சா "உஸ்"ஸுன்னு சன்னமாத்தான் கேக்கும். அது காதுல விழலைன்னா காலையில ஏர் மீட்டரைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். அதனால ஒரு தடவை காதை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. மீட்டரைப் பாக்காம வண்டியை நகத்தக் கூடாதுன்னு பழகிட்டா சமாளிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, முன்பணம். தறி ஓனர்கிட்ட வாங்கி வாங்கி மாட்டிக்கிட்டுத்தானே வெளிய வர்றீங்க? லாரி ஓனர்கிட்டயும் அதே பழக்கத்தை ஆரம்பிச்சுடாதீங்க.

கேள்வி (ஈரோடு, தனியார் பஸ் டிரைவர்): நான் ஏற்கெனவே ஹெவி லைசென்ஸ்தான். பஸ்ஸும் லாரியும் ஒரே சேஸிஸ்தானே, புதுசா கத்துக்க என்ன இருக்கு?

பதில்: சேஸிஸ் ஒண்ணுதான் சார், எடை ஒண்ணு இல்ல. பஸ்ல ஆள் ஏறினாலும் இறங்கினாலும் பிரேக் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிடிக்கும். பத்து வீல் வண்டி, வண்டியும் சரக்குமா 28 டன்னோட வரும்போது ஒரு மாதிரி, காலியா திரும்பும்போது வேற மாதிரி. ஸ்டாப்பிங் வந்ததும் அமுக்கற பஸ் பழக்கம் உங்க கால்ல ஊறிப்போயிருக்கும்.

தொப்பூர் கணவாயை எடுத்துக்கங்க. தருமபுரியில இருந்து சேலத்துக்கு வர்றப்ப நீள இறக்கம். டீசல் மிச்சம் பண்றேன்னு சில பேர் நியூட்ரல்ல விடுவாங்க. நியூட்ரல்ல விட்டா இஞ்சின் வண்டியைப் பிடிக்காது, எல்லாப் பாரமும் பிரேக் மேல வந்துடும். அமுக்கி அமுக்கி டிரம் சூடேறினா லைனிங் பிடிக்காது. இஞ்சின் ஐடில்ல கிடக்கறதால கம்ப்ரசரும் காத்தை வேகமா நிரப்பாது. கீழ வர்றதுக்குள்ள பிரேக் காலியாயிடும். அங்க நடந்த விபத்தை எல்லாம் நீங்களும் படிச்சிருப்பீங்க. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல, இல்லைன்னா அதுக்கும் ஒண்ணு கீழ போட்டு இறங்குங்க. இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும். பாதி இறக்கத்துல கியர் விழாது.

டேங்கர்ல ஏறினா இன்னொரு பாடம் இருக்கு. உள்ள இருக்கற சரக்கு அலை அடிக்கும். நீங்க நிறுத்தினப்புறமும் அது முன்னால வந்து ஒரு தள்ளு தள்ளும்.

கண்டக்டர் இல்லாத தனிமையும் இருக்கு. பஸ்காரங்க நிறைய பேர் திரும்பிப் போறது அதுக்காகத்தான்.

கேள்வி (கோவை, பி.ஈ. மெக்கானிக்கல்): ஐ.டி. கம்பெனியில சப்போர்ட் வேலை பார்த்தேன், போயிடுச்சு. லாரி ஓட்டலாம்னா வீட்ல அழறாங்க. படிச்சது எல்லாம் வீணாயிடுமா அண்ணா? லாரியில ஏ.சி. இருக்குமா?

பதில்: வீட்டு அழுகைக்கு என்கிட்ட மருந்து இல்ல தம்பி. படிப்பு வீணாகாது, அதை மட்டும் சொல்லலாம். இப்ப லாரியே பாதி ஆபீஸ் வேலைதான். இ-வே பில்லை, அதாவது சரக்கோட போற ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டை எடுத்துக்கயேன். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னுதான் கணக்கு. வழியில வண்டி நின்னுபோனா, கெடு முடியறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியோ, முடிஞ்சு எட்டு மணி நேரத்துக்குள்ளயோ நீட்டிக்கச் சொல்லணும். அதை விட்டுட்டு செக்கிங்ல மாட்டினா பெனால்டி, வண்டி அங்கயே கிடக்கும். இது தெரியாத டிரைவர் நிறைய. கேஸ், கெமிக்கல் டேங்கர் ஓட்டணும்னா மூணு நாள் பயிற்சி முடிச்சு லைசென்ஸ்ல பதிஞ்சிருக்கணும், இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும்னு விதி. உனக்கு அந்தக் கதவு ஈஸியா திறக்கும்.

2019 வரைக்கும் லாரி லைசென்ஸுக்கே எட்டாவது பாஸ் கேட்டாங்க. அப்புறம் எடுத்துட்டாங்க. அதனால படிக்காத நல்ல டிரைவருங்க கூட நீ போட்டி போடணும். டிகிரியை டாபாவுல பேசாத, யாரும் கேக்க மாட்டாங்க.

ஏ.சி. பத்தியும் கேட்டிருந்த. 2025 அக்டோபர் 1-ல இருந்து தயாராகிற பெரிய வண்டிங்களுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். உனக்கு முதல்ல கிடைக்கப் போறது பழைய வண்டிதான், துண்டு எடுத்துட்டு வா.

கேள்வி (வேலூர், ஓய்வு பெற்ற ராணுவத்தினர்): ஆர்மியில வாகனப் பிரிவுல இருந்தேன். தனியார் லாரியில சேர்ந்தா மரியாதை இருக்குமா?

பதில்: உங்களை மாதிரி ஆளுங்களை ஓனருங்க தேடிப் பிடிப்பாங்க ஐயா. காலையில வண்டியைச் சுத்தி வந்து ஆயில், தண்ணி, டயர், நட்டு, லைட்டுன்னு பாக்கற பழக்கம் உங்க ரத்தத்துல இருக்கு. எங்க பசங்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.

உரசல் வேற இடத்துல வரும். அங்க "வண்டி சரியில்லை"ன்னு எழுதிக் குடுத்தா வண்டி நிக்கும். இங்க "இந்த ஒரு டிரிப்பு ஓட்டுங்க, வந்து பாத்துக்கலாம்"னு போன்ல சொல்லுவாங்க. அப்ப ஓட்ட மாட்டேன்னு சொல்லுங்க. பென்ஷன் இருக்கறதால உங்களால சொல்ல முடியும், மத்தவனால முடியாது. மரியாதை ஓனர்கிட்ட கிடைக்கும். லோடு இறக்கற குடோன்ல கிடைக்காது.

கேள்வி (தஞ்சாவூர், டிராக்டர்): நெல்லு, கரும்பு எல்லாம் டிப்பர்ல அடிச்சிருக்கேன். டிரெய்லர் லாரி கத்துக்க நாளாகுமா?

பதில்: ரிவர்ஸ்ல நீங்கதான் ராஜா! ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடிச்சா வால் அந்தப் பக்கம் போகும்ங்கறது உங்க கைக்குத் தெரியும். பத்து வருஷம் டாரஸ் ஓட்டினவன்கூட முதல் தடவை டிரெய்லரைப் பின்னால எடுக்கும்போது முழிப்பான். ஆனா ஹைவே வேகமும், திரும்பும்போது பின்பக்கம் உள்ள இழுத்து ஓரத்துல நிக்கற பைக்கை அடிக்கறதும் உங்களுக்குப் புதுசு. கண்ணாடி பாக்கப் பழகுங்க.

கேள்வி (மதுரை, ஹோட்டல் மாஸ்டர்): புரோட்டா மாஸ்டரா இருந்தேன். சிரிக்காதீங்க.

பதில்: சிரிக்கல மாஸ்டர். தமிழ்நாட்டு வண்டிங்க வடக்க போனா கேபின் பக்கத்துலயே அடுப்பு வெச்சுச் சோறாக்கற வழக்கம் உண்டு. பத்து நாள் ரொட்டி தின்னு வயிறு கெட்டவங்களுக்கு நீங்க வைக்கற ரசம் சாமி மாதிரி. கூட வர நான் முந்தி, நீ முந்தின்னு நிப்பாங்க. ஒண்ணு மட்டும், கேஸ் டேங்கர்ல இதெல்லாம் நினைச்சுக்கூடப் பாக்கக் கூடாது.

கேள்வி (ராமநாதபுரம், குவைத்தில் ஹவுஸ் டிரைவர்): அங்க பெரிய பெரிய கார் ஓட்டினேன். நேரா லாரி லைசென்ஸ் எடுக்கலாமா?

பதில்: நம்ம ஊர் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும், 20 வயசு முடிஞ்சிருக்கணும். அப்பதான் டிரான்ஸ்போர்ட் எல்.எல்.ஆர். குடுப்பாங்க. போறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருந்தீங்கன்னா தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க. அங்க ரோட்டுக்கு வலது பக்கமா ஓட்டின பழக்கம் தூக்கக் கலக்கத்துலதான் எட்டிப் பாக்கும். முதல் கொஞ்ச மாசம் ராத்திரி ஓட்டம் வேண்டாம்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்): அண்ணா, பொண்ணுங்க வரலாமா? சும்மா "வாங்க வாங்க"ன்னு சொல்லாம உண்மையைச் சொல்லுங்க.

பதில்: சட்டத்துல தடை இல்லைம்மா. போபால்ல யோகிதா ரகுவன்ஷின்னு ஒருத்தங்க சட்டம் படிச்சவங்க. கணவர் இறந்தப்புறம் குழந்தைங்களை வளர்க்க லாரி எடுத்து, பல மாநிலம் ஓட்டினாங்க. அதனால பொண்ணுங்களால முடியுமாங்கற கேள்வி முடிஞ்சுபோச்சு.

மிச்சம் இருக்கறது எல்லாம் ரோட்டோட குறை. லோடு ஏத்தற இடத்துல கக்கூஸ் கிடையாது. ஆம்பளைங்களுக்கே ஒழுங்கா கிடையாது. ராத்திரி பார்க்கிங்ல லைட் கிடையாது. அதனால எடுத்த எடுப்புல வடக்க போற வண்டி வேண்டாம். காலையில போய் சாயங்காலம் திரும்பற ஓட்டமா பாருங்க: பால் வண்டி, கம்பெனி குடோனுக்கு அடிக்கற வண்டி. நாப்பது மெஷின் லைனை ஓட்டினவங்க நீங்க, சத்தம் போட்டு வேலை வாங்கத் தெரியும். அன்லோடிங்ல அது ரொம்ப உதவும்.

கேள்வி (திருச்சி): 43 வயசு. மொபைல் கடை வெச்சு மூடிட்டேன். லேட்டா?

பதில்: லேட் இல்ல. லாரி லைசென்ஸுக்கு எந்த வயசா இருந்தாலும் டாக்டர் சர்டிபிகேட், படிவம் 1ஏ, கட்டாயம் கேப்பாங்க. ஆர்.டி.ஓ.வுக்காக இல்லாம உங்களுக்காகவே சுகரையும் கண்ணையும் பாத்துக்கங்க. ராத்திரி எதிர்லைட்ல கண்ணு கூசுதுன்னா உள்ளூர் ஓட்டம் மட்டும் எடுங்க.

கேள்வி (சென்னை, மெடிக்கல் ரெப்): எந்த வேலையில இருந்து வந்தவங்க நல்ல டிரைவரா வர்றாங்க? எங்களை மாதிரி சேல்ஸ் ஆளுங்க எப்படி?

பதில்: உங்களுக்குக் கோவம் வரும், பரவால்ல. சேல்ஸ்ல இருந்து வந்தவங்கதான் என்கிட்ட அதிகமா திணறியிருக்காங்க. டார்கெட், டைம், அடுத்தது என்னன்னு மனசு ஓடிக்கிட்டே இருக்கும். லாரியில ஓட்டற நேரத்துக்குச் சமமா காத்திருக்கற நேரம் இருக்கு. சிமெண்ட் ஆலை கேட்ல வரிசை, துறைமுகத்துல கன்டெய்னர் வரிசை, இறக்கற இடத்துல "நாளைக்கு வாங்க". ரெண்டு நாள் நின்னுட்டு, அந்த எரிச்சலை ரோட்டுல வேகமா காட்டுவாங்க. ஆபத்தே அதுலதான் இருக்கு.

நான் பழக்கினதுல முதல் தரமா வந்தது மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்ச்ச பையன். நாள் பூரா தனியா இருந்து பழக்கம். நாலு பக்கமும் கண்ணு போகும், அவசரமே கிடையாது, எங்க நிறுத்தினாலும் நிழல் பாத்து நிறுத்துவான். லைசென்ஸுக்கு எழுத்து கத்துக்கறதுதான் அவனுக்குப் பெரிய வேலையா இருந்துச்சு. இன்னைக்கு ஒடிசா, சத்தீஸ்கர் எல்லாம் தனியா போயிட்டு வர்றான்.

கேள்வி (கரூர், வெல்டர்): லைசென்ஸ் கையில இருக்கு. கிளீனர் வேலை கத்துக்கலைன்னு சொன்னீங்களே, அதை இப்ப எங்க கத்துக்கறது?

பதில்: முதல் மூணு நாலு டிரிப்பு சம்பளம் பேசாம, படி மட்டும் வாங்கிக்கிட்டு ஒரு பழைய டிரைவர் கூடப் போங்க. தார்ப்பாயைக் காத்துப் புகாம மடிக்கறது, கயித்தை இறுக்கறது, டயர் கழட்டறது, எடை மேடை சீட்டையும் பில்லையும் ஒத்துப் பாக்கறது, இந்த நாலும் வந்தா போதும். நீங்க வெல்டர்ங்கறதால பாடி விரிசலும் ஸ்பிரிங் பட்டை உடைஞ்சதும் எங்களுக்கு முன்னாடியே உங்க கண்ணுல படும். அடுத்த வாரம் சங்ககிரியில லோடு இருக்கு, வர்றதுன்னா ரெண்டு செட் துணியும் ஒரு டார்ச்சும் எடுத்துட்டு வாங்க.